அரளிப்பூவா, அல்லிப்பூவா? பாட்காஸ்ட்டுக்குப் பெண்கள் பாட்டு தேடுவது எப்படி

தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து விடியும் முன்னாலேயே ஏலக்காட்டு ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள். என் அம்மாவும் 22 வருடம் அப்படிப் போனவர். பெண்கள் பாடும் பாட்டுகளை எடுத்துப் பேசும் பாட்காஸ்ட்டை நான் தொடங்கியதே அந்த ஜீப்பில் கேட்ட பாட்டுகளால்தான். எந்தப் பாட்டை எடுப்பது என்று திணறுகிறவர்களுக்கு, நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில், "பெண்களைப் பற்றிய பாட்டு" என்று தேடாதீர்கள். பெண்ணை நிலவாக்கி, தெய்வமாக்கிப் புகழும் பாட்டுகள்தான் வந்து குவியும். என் முதல் பகுதிக்கு அப்படி ஒரு சினிமாப் பாட்டை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. பாட்டில் ஓர் அம்மா இருந்தாள். அவள் காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாள் என்பது ஒரு வரிகூட இல்லை. இப்போது நான் தேடுவது ஒரே ஒரு பெண், அவள் செய்யும் ஒரு வேலை, அல்லது வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு மனக்குறை. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று எதில் இருந்தாலும் சரி.

பிடித்த பாட்டைத் தாளில் எழுதி, மெட்டு இல்லாமல் சத்தமாக வாசியுங்கள். எங்கேயாவது ஒரு சொல் உறுத்த வேண்டும். உறுத்தினால் எடுங்கள்.

நம் எல்லாருக்கும் தெரிந்த தாலாட்டையே பாருங்கள். யார் அடித்து நீ அழுதாய் என்று பிள்ளையைக் கேட்டுவிட்டு, மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே என்று போகும். பிள்ளைக்கு மாமன் என்றால் பாடுகிறவளுக்குக் கூடப் பிறந்தவன். அத்தை என்றால் நாத்தனார். அண்ணன் கையில் மல்லிகை, நாத்தனார் கையில் அரளி. அரளி விஷச் செடி என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சில வீடுகளில் மாமன் பெண்டாட்டியையும் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படியானால் அந்த அரளி அண்ணிக்கா, நாத்தனாருக்கா? பிள்ளையைத் தூங்க வைக்கிற சாக்கில் ஒருத்தி தன் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறாள். ஒரு முழுப் பகுதிக்கு இந்த ஒரு பூ போதும்.

இதை ஜீப்பில் ஒரு பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்த பாட்டில் அரளி இல்லை, அல்லிப்பூ. ஏன் என்று கேட்டதற்கு, "எங்கம்மா, அத்தைய பக்கத்துல வச்சிக்கிட்டுல்ல பாடுச்சு. அரளின்னு எப்பிடிப் பாடும்?" என்றார். அன்றிலிருந்து ஒரே பாட்டை மூன்று பேரிடமாவது கேட்காமல் நான் முடிவு செய்வதில்லை. சொல் மாறும் இடத்தில்தான் பேச விஷயம் இருக்கிறது.

எழுதியவர் யார், பாடுகிறவர் யார், பாட்டுக்குள் பேசுகிறவர் யார் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாரதியின் பெண்கள் விடுதலைக் கும்மியில் பேசுகிறவர்கள் பெண்கள், எழுதியவர் ஆண். அதற்காக அதை ஒதுக்க வேண்டாம். பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைகொட்டிப் பாடும் கும்மியை அவர் ஏன் எடுத்தார் என்று கேட்டாலே பேச்சு நீளும். ஒப்பாரியில் இந்த மூன்று பேரும் ஒருத்திதான். அந்த வித்தியாசத்தைக் கேட்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்துப் பாட்டு எடுத்தால் வேலையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். ஏலக்காய் மேலே கிளையில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். அப்படி இருந்து பாடும்போது மூச்சு சிக்கனமாகிவிடும். அப்படிப் பாடிய ஒரு அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னேன், வேறு பாட்டு மாதிரி இருந்தது. தேயிலைப் பாட்டு என்றால் மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததையும் தெரிந்து வையுங்கள். ஆண்கள் நடத்திய சங்கங்களை ஒதுக்கிவிட்டு, தேயிலைப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற அவர்கள் அமைப்பின் பேரிலேயே மலையாளமும் தமிழும் கலந்து கிடக்கிறது. எங்கள் பக்கப் பாட்டுகளும் அப்படித்தான். மலையாளச் சொல் வந்தால் திருத்தாதீர்கள்.

பழைய பதிவை ஒலிபரப்புவதாக இருந்தால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அவர்கள் காலமாகி 60 வருடம் வரை. விமரிசனத்துக்காகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 30 வினாடி வரை போடலாம் என்று பலர் சொல்லும் கணக்கு அதில் எங்கும் இல்லை.

ஒப்பாரிக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது என்பார்கள். அது தெரியாமல் ஒரு அக்காவை அவர் வீட்டுத் திண்ணையில் பாடச் சொல்லிவிட்டேன். பாடிவிட்டு, இரண்டு நாள் மனசு சரியில்லாமல் இருந்தார். அந்தப் பதிவை அழித்துவிட்டேன். இப்போதெல்லாம் ஊருக்கு வெளியே, புளியமரத்தடியில்தான் பதிவு செய்கிறேன். ஒப்பாரியில் செத்தவரைப் பற்றி மட்டும் இருக்காது. அண்ணன் சீர் செய்யாதது, மாமியார் வீட்டில் பட்டது எல்லாம் வரும். அதில் உயிரோடு இருக்கிறவர்களின் பேரும் வரலாம். வெளியிடும் முன் பாடியவருக்கு முழுதாகப் போட்டுக் காட்டி, எந்த வரியை எடுக்கச் சொல்கிறாரோ அதை எடுத்துவிடுங்கள்.

காலையில் போகிற ஜீப்பில் பாட்டுக் கேட்காதீர்கள், பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். சாயங்காலம் இறங்கியதும், தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது கேளுங்கள். டிரைவர் அண்ணனிடம் சொல்லி இஞ்சினை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்.