அப்பலாச்சியப் பழைய ஊர்கள்: ஒரே நாளில் மூன்றையும் பார்க்கப் போகாதீர்கள்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் மூன்று பழைய ஊர்கள்: டென்னசியில் ஜோன்ஸ்பரோ, இரண்டு மாநில எல்லையில் பிரிஸ்டல், வர்ஜீனியாவில் அபிங்டன். மூன்றும் 50 மைலுக்குள் அடங்கிவிடும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோம். முதல் தவறே அதுதான். ஜோன்ஸ்பரோவின் மெயின் தெருவை நடந்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். ஆனால் ஒரு கடைக்காரர் பேச்சுக் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும், அந்தப் பேச்சுக்காகவே அங்கே போகலாம். நாங்கள் அவசரப்பட்டும் அபிங்டன் போய்ச் சேர்ந்தபோது கடைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு நாளுக்கு இரண்டு ஊர் போதும்.

கிழமையும் முக்கியம். நீண்ட விடுமுறையின் திங்கட்கிழமையைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தப் பக்கம் அருங்காட்சியகங்கள் பல அன்றைக்குத்தான் மூடியிருக்கும். ஞாயிறு காலை ஊரே சர்ச்சில் இருக்கும், மதியத்துக்கு அப்புறம்தான் தெருவுக்கு உயிர் வரும். சனிக்கிழமை நல்லது. அதிலும் ஒரு விலக்கு: ஜோன்ஸ்பரோவில் 1973 முதல் அக்டோபர் தொடக்கத்து வார இறுதியில் தேசியக் கதைசொல்லல் விழா நடக்கிறது. விழாவுக்கென்றே போவதானால் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இலை நிறம் மாறுவதைப் பார்க்க மட்டும் என்றால் வேறு வாரம் போங்கள்.

பிள்ளைகளை வெறும் பழைய கட்டடங்களுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். காரில் போகும்போதே கதையைச் சொல்லிவிடுங்கள். ஜோன்ஸ்பரோ உருவானது 1779இல், டென்னசி மாநிலமானது 1796இல். அதாவது மாநிலத்தைவிட ஊருக்கு 17 வயது அதிகம். நடுவில் 1784இல் இந்த வட்டாரத்துக்காரர்கள் ஃபிராங்க்ளின் என்று தனி மாநிலமே அறிவித்துவிட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ஏற்கவில்லை, சில ஆண்டுகளில் அது கலைந்தும் போனது. பிரிஸ்டலில் சொல்லவே வேண்டாம். ஸ்டேட் தெருவின் நடுவே எல்லைக்கோடு போகிறது, ஒரு கால் வர்ஜீனியாவில், ஒரு கால் டென்னசியில். பெரியவர்களுக்கும் ஒரு வேடிக்கை உண்டு: விற்பனை வரி வர்ஜீனியா பக்கம் 5.3 சதவீதம், டென்னசி பக்கம் 9க்கு மேல். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடியதும் இங்கேதான், 1927இல். அதற்கான அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.

பாதை விஷயத்தில் ஜிபிஎஸ்ஸை அப்படியே நம்பாதீர்கள். வட கரோலினாவின் பூன் ஊர்ப் பக்கமிருந்து வந்தால் அது 421ஆம் நெடுஞ்சாலையைக் காட்டக்கூடும். ஷேடி வேலியை ஒட்டிய அதன் மலைப்பகுதிக்கு ‘பாம்பு’ என்று பெயர். 489 வளைவுகள் என்று மோட்டார் பைக் ஓட்டுபவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பின் இருக்கையில் குழந்தை வாந்தி எடுக்கும்போது அதில் பெருமை ஒன்றும் தெரியாது. வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், மலைக்குள் சிக்னல் போய்விடும்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பி சைக்கிளைக் கட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். வர்ஜீனியா க்ரீப்பர் என்ற சைக்கிள் பாதையில் ஒயிட்டாப்பிலிருந்து டமாஸ்கஸ் வரை இறக்கத்தில் வரச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் அந்தப் பகுதியின் பாலங்களை அடித்துப் போய்விட்டது. இன்றைய நிலை என்ன என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. சைவக்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறோம். அபிங்டனில் பார்ட்டர் (பண்டமாற்று) தியேட்டர் என்று ஒன்று இருக்கிறது. 1933இல், பெரும் பொருளாதார மந்த காலத்தில், 40 சென்ட் இல்லாதவர்கள் அதற்கு ஈடாகக் காய்கறியோ கோழியோ கொடுத்து நாடகம் பார்த்தார்கள். நாடக ஆசிரியர்களுக்கு ராயல்டியாகப் போனது பன்றித்தொடை. பெர்னார்ட் ஷா சைவம், அதனால் அவர் கீரை கேட்டு வாங்கினார் என்று சொல்வார்கள். அவருக்காவது என்ன வருகிறது என்று தெரிந்திருந்தது. நம் தட்டில் வரும் பச்சை பீன்ஸும் கீரையும் பன்றி இறைச்சித் துண்டோடு மணிக்கணக்கில் வெந்திருக்கும், சோளரொட்டியில்கூடப் பேக்கன் கொழுப்பு இருக்கலாம். “இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்றே பதில் வரலாம், கொழுப்பை யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. “எதைப் போட்டு வேகவைத்தீர்கள்?” என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட பிறகு எனக்கு மிஞ்சியது மக்ரோனி சீஸும் கோல்ஸ்லாவும்தான்.