ராபிட்எம்க்யூ இல்லாமலே மெசேஜ் கோடை டெஸ்ட் பண்ணுங்க

கல்முனை, மட்டக்களப்பு பக்கம் வீட்டுல இருந்து கோட் எழுதுற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு சின்ன விசயம். கரண்ட் போனா, வைஃபை விழுந்தா டெஸ்டும் சேர்ந்து விழுதெண்டா அது யூனிட் டெஸ்டே இல்ல, 5672 போர்ட்டுல உண்மையான ராபிட்எம்க்யூ புரோக்கர் (புரோகிராம்களுக்கு இடையில மெசேஜ வாங்கிக் குடுக்கிற சேர்வர்) ஓடத் தேவையில்ல, பைதான் 3.3லருந்து கூடவே வாற யூனிட்டெஸ்ட் மொக் (உண்மையானதுக்குப் பதிலா நிக்கிற போலி) போதும்.

பைதான்லருந்து ராபிட்எம்க்யூவோட பேசுற லைப்ரரி பிகா. பிகாட பிளாக்கிங் கனெக்ஷன உங்கட மொடியூல் எந்தப் பேரால எடுக்குதோ அந்தப் பேரத்தான் பேட்ச் பண்ணணும் (மொக்கால மாத்தணும்), லைப்ரரிக்குள்ள இருக்கிற பேர இல்ல. கனபேர் மாட்டுப்படுற இடம் இதுதான். பிறகு சேனலையும் மொக்காக் குடுத்து, மெசேஜ அனுப்புற பேசிக் பப்ளிஷ், சரியான ரவுட்டிங் கீயோட (மெசேஜ் எங்க போகணுமெண்டு காட்டுற பேர்) ஒருக்காத்தான் கூப்பிடுபட்டதா எண்டு பாருங்க.

கனெக்ஷன் அறுந்தா என்ன நடக்குமெண்டதுதான் பெறுமதியான டெஸ்ட். மொக்க ஒவ்வொருக்கா கூப்பிடேக்கயும் என்ன நடக்கணுமெண்டு சொல்ற சைட் எஃபெக்ட்டுக்கு ஒரு லிஸ்ட் குடுங்க, முதல்ல ஏஎம்க்யூபி கனெக்ஷன் எரர், அடுத்தது நல்ல கனெக்ஷன், அப்ப உங்கட ரீட்ரை உண்மையாவே திரும்பக் கனெக்ட் பண்ணுதா எண்டு தெரியும். ரீட்ரைக்கு நடுவுல காத்திருக்கிற ஸ்லீப்பையும் மொக் பண்ணுங்க, இல்லாட்டி டெஸ்ட் முடியிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிரும். மெசேஜ வாங்குற கன்சியூமர் பக்கமெண்டா, வேலை பிழைச்சா ஆக் (வேலை முடிஞ்சுதெண்டு புரோக்கருக்குச் சொல்ற பதில்) போகக்கூடாது, அதையும் பாருங்க.

மொக்க உண்மையான கிளாஸ்ட வடிவத்துக்கே வச்சிருக்கிற ஓட்டோஸ்பெக் போட மறக்காதீங்க, வெறும் மொக்கெண்டா, கிளாஸ்ல இல்லாத மெதட்டுக்கும் சும்மா தலையாட்டும். கியூ (மெசேஜ் காத்திருக்கிற வரிசை) செட்டிங் பிழையா எண்டத மொக் சொல்லாது, அதுக்கு உண்மையான புரோக்கரோட ஒரு டெஸ்ட் தனியா வச்சிக்கோங்க.