மாடித்தோட்டப் பையில் ஈரம்: அடியில் தண்ணீர் வடிந்தால் மட்டும் போதாது

தக்காளி வாடினால் தண்ணீர் ஊற்றுகிறோம், பையின் அடியில் வடிந்ததும் நிறுத்துகிறோம். அந்தத் தண்ணீர் வேரை நனைத்துவிட்டு வந்ததா, நனைக்காமலே வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. சென்னை மொட்டை மாடி வெயிலில் நான் கடைப்பிடிக்கும் முறையை எழுதுகிறேன். பை, கலவை, செடி எல்லாம் தயார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. விரலை விட்டுப் பாருங்கள்

தென்னை நார்க்கழிவு கலந்த மண் மேலே வெளிறிக் காய்ந்திருக்கும். இரண்டு அங்குலம் கீழே ஈரமாக இருக்கும். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை நுழையுங்கள். குளிர்ச்சியாக இருந்து மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஆழமான பைக்கு ஒரு மூங்கில் குச்சியைச் செருகி எடுத்து, ஈர மண் ஒட்டுகிறதா என்று பார்த்தால் போதும். ஈரம் காட்டும் மலிவான கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். உரத்தின் உப்பு கூடினால் அதன் முள்ளும் ஏறும், பொலபொலப்பான கலவையில் முனை சரியாகப் பதியவும் செய்யாது.

மதியம் சுரை, பூசணி இலைகள் தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம், மாலையில் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால் விரலை விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அப்போது தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

2. முழுதாகக் காய்ந்த பையை மீட்பது

எனக்குப் பிடிபட நாளானது இந்த இடம்தான். நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. கலவையும் சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றுவதெல்லாம் அந்த இடைவெளி வழியாக நேராக அடிக்கு ஓடிவிடும். தரை நனையும், நடுவில் வேர்ப்பகுதி தூள் மாதிரி கிடக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி, ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் பையை லேசாகச் சாய்த்துப் பார்ப்பது. எடை ஏறவில்லை என்றால் தண்ணீர் உள்ளே நிற்கவில்லை.

அப்புறம் செய்ய வேண்டியது: மேல்மண்ணை வேர் அறாமல் மெல்லக் கிளறுங்கள். ஓர இடைவெளியில் மண்ணைத் தள்ளி மூடுங்கள். பூவாளியால் ஒரு குவளை அளவு தூவி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி தூவுங்கள். எடை ஏறும்வரை இப்படியே. ஹோஸ் பிடித்து அடித்தால் மறுபடி ஓரத்தில்தான் பள்ளம் விழும், பூவாளியே மேல். சின்னத் தொட்டி என்றால் அகலமான டப்பில் தண்ணீர் வைத்து அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள், அடியிலிருந்து உறிஞ்சும். பிறகு வெளியே எடுத்து வடியவிட மறக்காதீர்கள்.

3. மூடாக்கு

ஈரம் காக்க மண்ணின் மேல் பரப்பும் போர்வைதான் மூடாக்கு. காய்ந்த சருகு இரண்டு அங்குலம் போதும். தண்டைத் தொடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். கீரை விதைத்த பையில் முளைத்து வளரும்வரை போட வேண்டாம்.

4. ஒரே சீராக ஊற்றுங்கள்

காயவிட்டுக் காயவிட்டு ஊற்றினால் தக்காளி வெடிக்கும். காயின் அடி கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் இதனால்தான். அது கிருமி இல்லை. ஈரம் ஏறி இறங்கும்போது கால்சியம் காய்வரை போய்ச் சேர்வதில்லை. முட்டை ஓடு தேடுவதற்கு முன் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். காலை நேரமே நல்லது.

பின்சேர்க்கை

மழைக்காலம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூடாக்கை விலக்கிவிடுங்கள். பையைச் செங்கல் மேல் ஏற்றி, அடைத்த துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: பெரிய தொட்டி என்றால், பூச்சு இல்லாத சின்ன மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடுங்கள். மண் காயக் காய பானை கசிந்து கொடுக்கும். பானையில் ஓட்டை போட வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே தொட்டி மண்ணை நன்றாக நனைத்திருக்க வேண்டும், காய்ந்த மண்ணுக்கு இந்தக் கசிவு போதாது.