ஆடும் நீரில் மணல் ஏன் மெதுவாக இறங்குகிறது? கணக்கில் நேரும் தவறுகள்

அசையாத நீரில் மணல் துகள் இறங்கும் வேகத்தை அளந்து, அதையே அலையாடும் நீருக்கும் பொருத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதற்குச் சொல்லப்படும் காரணம் நியாயமாகவே தோன்றும்: நீர் மேலே போன அளவு கீழேயும் வருகிறது, கூட்டிக் கழித்தால் பூச்சியம்தானே?

நுண்ணிய வண்டலுக்கு இது ஏறக்குறைய சரி. அங்கே நீரின் இழுவை, அதாவது துகளின் நகர்வை நீர் எதிர்க்கும் விசை, வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. பருமணலில் இழுவை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளரும். இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு துகள் அசையா நீரில் விநாடிக்கு 10 செ.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடையைத் தாங்கும் இழுவையை 10இன் வர்க்கமான 100 என்று குறிப்போம். நீர் ஆடும்போது, நீரைச் சார்ந்த துகளின் வேகம் பாதி நேரம் 14, பாதி நேரம் 2 என்று மாறினால், வர்க்கங்கள் 196, 4. சராசரி அதே 100, எடைக்கு ஈடாகிவிட்டது. ஆனால் வேகத்தின் சராசரி 8தான்! நீர் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு இறங்கியும், துகள் பின்தங்கிவிட்டது. நீர் பக்கவாட்டில் ஆடினாலும் இதே தடை உண்டு. துகளும் சேர்ந்தே போய்விடும் அளவுக்கு மெதுவாக ஆடினால் தடை மிகச் சிறியது.

இதன் உடன்பிறப்பான தவறு, நுண்துகள் இறங்கும் வேகத்துக்கு இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த வாய்பாட்டை எல்லாத் துகளுக்கும் போடுவது. 1 மி.மீ. மணலுக்கு அது விநாடிக்கு ஏறத்தாழ 90 செ.மீ. என்று விடை தரும். உண்மையில் அந்த மணல் 15 செ.மீ. அளவில்தான் இறங்கும். அடிப்படையே இப்படிப் பிசகினால், அலைவின் விளைவை எதோடு ஒப்பிடுவது?

அளக்கும்போது கடிகாரத்தை நடு அலைவில் நிறுத்தாதீர்கள். முழு அலைவுகளாக எண்ணுங்கள்; இல்லையெனில் நீரின் ஊசலாட்டமே துகளின் வேகமாகப் பதிவாகும். அசையா நீர்ச் சோதனையைக் காலையிலும் ஆடும் நீர்ச் சோதனையை நண்பகலிலும் செய்வதும் கூடாது. நீர் 20 டிகிரியிலிருந்து 30க்குச் சூடானால் அதன் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு நீர் காட்டும் உள்தடை, ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நுண்வண்டல் அதனால் மட்டுமே கால் பங்கு விரைவாக இறங்கும். கைப்பிடி மணலை ஒரேயடியாகக் கொட்டினால், கூட்டம் நீரையும் இழுத்துக்கொண்டு இறங்கும். அது தனித்துகளின் வேகம் அன்று.

இத்தனையும் கேட்டுவிட்டு, அசைவு என்றாலே தாமதம் என்று முடிவுகட்டுவதும் பிழையே. கொந்தளிக்கும் நீரில், சுழல்களின் இறங்கும் பக்கமாக ஒதுக்கப்படும் துகள் விரைந்து விழக்கூடும். களிமண்ணின் கதை இன்னும் வேறு. பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றி மெல்லக் கலக்கினால், துகள்கள் மோதி ஒட்டித் திரண்டு சீக்கிரம் படியும். அதே நீரை வேகமாகக் கலக்கினால் திரள்கள் உடைந்து மறுபடி கலங்கிவிடும்.