கார்க் கதவும் மிதிவண்டியும்

சென்னையில் மிதிவண்டி ஓட்டுவோர், சாலையோரம் நிறுத்தப்பட்ட கார்களை ஒட்டிச் செல்லாமல், குறைந்தது 1 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். உஸ்மான் சாலை போன்ற கடைவீதிகளில் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று கூற இயலாது.

காரில் இருப்போரின் பொறுப்பே இதில் பெரிது. வலப்புறக் கதவை இடக்கையால் திறந்தால் உடல் தானாகவே திரும்பும். பின்னால் வருபவர் கண்ணில் படுவார். நெதர்லாந்தில் பழக்கத்திலுள்ள இம்முறையை நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் கட்டாயம் கற்பிக்க வேண்டும். திரும்பிப் பார்க்கையிலும், கையை மடக்கி நீட்டுகையிலும்கூட முழு விழிப்போடு இருக்குமாறு பௌத்தத்தின் சதிபட்டான சூத்திரம் அறிவுறுத்துகிறது. தியானம் பழகுவோர் கதவின் கைப்பிடியைத் தொடும் கணத்தையும் அப்பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

மிதிவண்டிகளை நடுச்சாலைக்குத் தள்ளும் ஓரப் பள்ளங்களைப் பற்றி மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் அளிக்கலாம்.