மென்படலத்தில் விசை அளக்கும்போது அடியில் இருப்பதையும் பாருங்கள்

கண்ணாடி மேல் பூசிய ஜெல் படலத்தை அணுவிசை நுண்ணோக்கியால் (நுண்ணிய முனையால் பரப்பைத் தொட்டு விசையை அளக்கும் கருவி) அழுத்தி அளக்கிறீர்களா? முனை இறங்கும் ஆழம் படலத் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 1 மைக்ரான் படலத்துக்கு 100 நானோமீட்டர், அவ்வளவுதான். தாண்டினால் கண்ணாடியின் விறைப்பும் சேர்ந்து, ஜெல் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். உருண்டை முனை என்றால் இதுவும் போதாது; தொடுபரப்பின் ஆரமும் தடிமனைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒட்டுவிசை. காற்றில் அளந்தால் ஈரப்பதம் முனைக்கும் பரப்புக்கும் நடுவே நீர்ப்பாலம் கட்டிவிடும். அந்த இழுப்பில் மற்ற விசைகள் மறைந்துபோகும். திரவத்துக்குள் அளப்பதே நல்லது. ஆனால் முனையைத் தாங்கும் மெல்லிய பட்டையான கேன்டிலீவரின் உணர்திறனை (எவ்வளவு வளைந்தால் எவ்வளவு சமிக்ஞை வரும் என்பதை) அதே திரவத்தில், கெட்டியான பரப்பில் மறுபடி சரிபாருங்கள். ஜெல் ஊறிப் பெருத்திருக்கும், தடிமனையும் அங்கேயே அளந்துகொள்ளுங்கள்.