பழைய நிலக்காட்சி ஃபிலிம்களை ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலக்காட்சிப் படத்தை ஸ்கேன் செய்வதில் நேரும் பிழைகளை முதலில் காட்டிக்கொடுப்பது வானம்தான். பாறைக்கும் புதருக்கும் நடுவே கண்ணுக்குப் படாத தூசியும் கீறலும் வெறும் நீலப்பரப்பில் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே ரப்பர் புளோயரால் தூசியை அகற்றிய பிறகே ஃபிலிமை ஸ்கேனரில் வைக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி கறையாகப் படிந்துவிடும். பளபளப்பற்ற எமல்ஷன் பக்கம் (படம் பதிந்திருக்கும் பூச்சுள்ள பக்கம்) எது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. ஃபிலிமைப் பக்கம் மாற்றி வைத்தால் படம் இடவலம் மாறிவிடும்; அதைக் காட்டிக்கொடுக்கப் பெயர்ப்பலகை எதுவும் மலைக்காட்சியில் இருக்காது. ஓரத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்கள் நேராகத் தெரிகின்றனவா என்பதே நம்பகமான அடையாளம்.

மென்பொருளின் தானியங்கித் திருத்தத்தை அப்படியே ஏற்பதுதான் மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து. படத்தில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் இருந்தே தீர வேண்டும் என்று அது கருதுவதால், மூடுபனி படர்ந்த பள்ளத்தாக்கின் மெல்லிய சாம்பல் நிறங்களை இழுத்து விரித்துப் பனியையே கலைத்துவிடுகிறது. மாலை வெயிலின் மஞ்சளை நிறக்கோளாறு என்று எண்ணி வெளுக்கச் செய்கிறது. மேகத்தின் ஒளிர்ந்த விளிம்பு ஸ்கேனிலேயே வெறும் வெள்ளையாகிவிட்டால், பின்னர் எந்தத் திருத்தமும் அதை மீட்காது. எனவே ஹிஸ்டோகிராமின் (படத்தில் கறுப்பு முதல் வெள்ளை வரை ஒளியளவு பரவியிருப்பதைக் காட்டும் வரைபடத்தின்) இரு முனைகளிலும் சற்று இடைவெளி விட்டு, மங்கலாகத் தோன்றும் ஸ்கேனையே எடுக்க வேண்டும். அழகு பின்னால் வரட்டும்.

பின்னர் நாமே செய்யும் திருத்தத்தைத் தாங்க 16 பிட் கோப்பு தேவை. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளே உண்டு. சாயம் மங்கிய ஸ்லைடை அதில் மீட்க முயன்றால், வானத்தின் சீரான நிறமாற்றம் பட்டை பட்டையாகப் பிரியும். பழைய வண்ணப் படங்களில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஆகவே நிறச் செறிவை மொத்தமாகக் கூட்டாமல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் வளைகோடுகளை (மென்பொருளில் ஒளியளவை மாற்ற உதவும் கோடுகளை)த் தனித்தனியே சரிசெய்வதே முறை.

தெளிவுத்திறன் பற்றிய விளம்பர எண்களில் மயங்க வேண்டியதில்லை. 24×36 மி.மீ. சட்டத்தை 4000 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 4000 புள்ளிகள்) அளவில் எடுத்தாலே ஏறத்தாழ 2.1 கோடி பிக்சல்கள் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ஃபிலிமின் துகள்கள்தான் பெரிதாகத் தெரியும்.

அகச்சிவப்புக் கதிரால் தூசியை நீக்கும் வசதியை வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் வெள்ளி அக்கதிரைத் தடுப்பதால், மென்பொருள் காட்சியையே அழுக்கென்று எடுத்துக்கொண்டு இலைகளின் நுண்விவரங்களைக் குழப்பிவிடும். கோடக் நிறுவனத்தின் பழைய வண்ண ஃபிலிமான கோடக்குரோம் ஸ்லைடுகளிலும் பல ஸ்கேனர்கள் இதில் தடுமாறுகின்றன. இவற்றில் தூசியின் தடங்களை மென்பொருளில் ஒவ்வொன்றாக நாமே நீக்குவதுதான் பாதுகாப்பான வழி.

கூர்மையாக்குவதை இறுதியில், அச்சின் அளவு முடிவான பிறகு, வானத்துக்கு அது பொருந்தாதபடி அந்தப் பகுதியை மென்பொருளில் மறைத்துவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையெனில் துகள்கள் மணல்போல் எழும்பும். மூல ஸ்கேனைத் தொடாமல், விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு வடிவில் வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மாற்றி மாற்றிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஜேபெக் கோப்பு சிறிது விவரத்தை இழக்கிறது.